ஒட்டாத எண்ணெய்

வீட்டு எண்ணெயை மாற்றியே தீருவது என்று முடிவெடுத்தேன். புத்தூரில் வேர்க்கடலை பயிரிடும் வேங்கடாசலம் நானே சொந்தச் செக்குக் கடலை எண்ணெயை ஒழிக்கக் கிளம்பினேன் என்றால், பயம் எவ்வளவு இருந்திருக்கும் பாருங்கள்.

என் மனைவி மல்லிகாவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. திருப்பதியில் ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம். அவள் மாடு கறக்கிறாள், சீரியல் பார்க்கிறாள், குறட்டை விடுகிறாள். எனக்குத்தான் உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். மிச்சம் மீதி எங்கேயாவது பரவிவிட்டால்?

திருப்பதியில் உயிர்வேதியியல் படிக்கும் மகள் பிரித்திகாவை போனில் பிடித்தேன்.

"கேன்சர் செல்லு இருந்த எடத்த வுட்டுக் கழண்டு, ரத்தத்துல போய்க்கினே இருந்து, வேற எடத்துல ஒட்டிக்கும் நைனா. அப்பத்தான் பரவும். சாப்பாட்டுல வர்ற கொழுப்பு அமிலத்துல ரெண்டு வகை. கடலை எண்ணெயில இருக்கறது ஒட்ட வெக்கலாம். மீன் எண்ணெய், ஆளி விதையில இருக்கறது ஒட்டறத கொறைக்கலாம்னு சொல்றாங்க. ஆனா எல்லாம் லேப்ல, கண்ணாடித் தட்டுல பாத்தது. மனுஷங்களுக்கு..."

போனை வைத்துவிட்டேன். வேண்டியது கிடைத்துவிட்டதே!

மல்லிகா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன நேரத்தில் கடலை எண்ணெய் டப்பாவைக் காலி செய்து ஆளி விதை எண்ணெய் ஊற்றினேன். மீன் எண்ணெய் மாத்திரைகளை ஊசியால் குத்தி ரசத்தில் பிழிந்தேன்.

"இன்னாயா, ரசம் பழவேற்காடு மீன் வாடை அடிக்குது?"

"தக்காளி அப்படி."

"தக்காளி கடல்லயா வெளையுது?"

மறுநாள், "தோசை கல்லுல ஒட்டிக்கினு வர மாட்டேங்குது" என்றாள்.

"தோசை ஒட்டட்டும். செல்லு ஒட்டாது."

"இன்னா செல்லு?"

"போன் செல்லு."

அதற்குப் பிறகு தினமும் எனக்குப் பரிமாறிவிட்டு, "நான் அப்புறம் துன்னுக்கறேன்" என்பாள். நான் முகம் சுளித்தால் அவளும் சாப்பிடமாட்டாளே என்று தட்டை வழித்தேன். இருபது நாள். பாதி நாள் கழிவறையில் கழிந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிக்கிறாங்க, கெளம்பு" என்றாள் ஒரு காலையில். திருப்பதி பஸ் முழுக்க என் கால் ஆடிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில், "பயப்படாதே" என்று அவள் கையைப் பிடித்தேன். தாங்க முடியாமல் எண்ணெய் விஷயத்தைக் கொட்டிவிட்டேன்.

"மொத நாளே தெரியும்யா. அந்த எண்ணெயில செஞ்சதெல்லாம் உன் தட்டுக்குத்தான். எனக்குத் தனியா கடலை எண்ணெயில தாளிச்சுக்கினேன்."

"அய்யோ! அப்ப உனக்கு?"

"போன வாரமே பிரித்திகாவோட வந்து ஸ்கேன் எடுத்துட்டேன். ஒண்ணுமில்லன்னு சொல்ட்டாங்க. நீ கூட வந்திருந்தா மெஷினே பயந்துபூடும்."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப இன்னிக்கு எதுக்கு வந்தோம்?"

கதவைத் திறந்த நர்ஸ் சீட்டைப் பார்த்துப் படித்தாள். "வேங்கடாசலம், வயசு ஐம்பத்தெட்டு. தூக்கமில்ல, படபடப்பு, வயித்துப்போக்கு. பேஷண்ட் கூட வந்தது யாரு?"

"நான்தான்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள் மல்லிகா.