இருபதில் ஒரு பங்கு கன்று

பீளமேட்டில் இருக்கும் மாப்பிள்ளை கதிர்வேல் அவர்களுக்கு, அன்னூர்த் தோட்டத்திலிருந்து தாய்மாமன் சுப்பண்ணன் எழுதுவது. இங்கே நானும் அத்தையும் மாடும் நலம். உங்கள் நலமும் என் தங்கையின் முழங்கால் நலமும் அறிய ஆசை.

இது நன்றிக் கடிதம். போனில் நன்றி சொல்ல ஆரம்பித்தால் நமக்குள் வாக்குவாதத்தில் முடிகிறது. தாளில் எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

செவலைக் கிடாரிக் கன்று என் கத்தரி நாற்றங்காலை ஒரே காலையில் மேய்ந்து முடித்ததும், மாரியம்மன் கோயில் கமிட்டி குலுக்கல் பரிசுக்குக் கன்று தேடுகிறது என்று கேள்விப்பட்டு, அத்தையிடம் கேட்காமல் அதை நான் விற்றதும் உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து அத்தை என்னோடு பேசவில்லை. தாய்மாட்டோடுதான் பேசுகிறாள். "ஏனம்மணி, சோறு ஆறிப்போகுதுன்னு அங்க நிக்கறவருக்குச் சொல்லு" என்பாள். மாடு என்னைப் பார்க்கும். நான் போய்ச் சாப்பிடுவேன். பதினெட்டு நாளாக இதுதான் குடும்பம்.

கன்றைத் திருப்பிக் கேட்கப் போனால் பொருளாளர் தமிழ்ச்செல்வன், "சீட்டு அடிச்சுப்போட்டமுங்க, பாதி வித்தும் போச்சுங்க. வேணுமின்னா நீங்களும் வாங்கிக்குங்க" என்று சிரித்தார். நூறு சீட்டு வாங்குவது என்று முடிவு செய்துதான் உங்களைக் கூப்பிட்டேன்.

"மாமா, கன்னு முப்பதாயிரம், மொத்தம் அறுநூறு சீட்டு. ஒரு சீட்டோட எதிர்பார்ப்பு மதிப்பு அம்பது ரூவாதானுங்க. அதை நூறு ரூவா குடுத்து வாங்கறீங்க."

"அம்பது ரூவாய்க்குக் கன்னுல என்னங்க வரும், மாப்பிள்ளை? வாலுங்களா?"

"அப்படி இல்லீங்க. பல தடவை ஆடினா சராசரியா அவ்வளவுதான் திரும்புமுங்க."

"நான் எத்தனை கன்னைங்க விக்கறது?"

போனை வைத்தது நான்தான். இருந்தாலும் நீங்கள் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம்.

நான் எட்டாவதோடு நின்றவன், வட்டிக் கணக்கும் நில அளவையும் நானே கற்றவன். மூன்று தாளில் போட்டுப் பார்த்தேன். உங்கள் கணக்கு சரி. நூறு சீட்டை முப்பதாகக் குறைத்தேன். முப்பது சீட்டுக்கு, கன்றில் இருபதில் ஒரு பங்கு. ஏழாயிரம் ரூபாயை மிச்சப்படுத்திக் கொடுத்த உங்களுக்கு முதல் நன்றி. ஆனால் கன்றுக்கு முப்பதாயிரம் என்று போட்டீர்களே, அத்தை என்னிடம் பேசுவதற்கு அதில் எவ்வளவு சேர்த்தீர்கள்? அதைச் சேர்த்துப் போட்டால் ஒரு சீட்டு நூறு ரூபாய்க்குக் கொள்ளை மலிவு. இதை உங்கள் கல்லூரியில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

விற்ற கன்றையே வாங்க நிற்கிறான் என்று ஊர் சிரிக்கும் அல்லவா? அதனால் முப்பது சீட்டிலும் சொந்தக்காரர்கள் பெயரை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கியில், "முதல் பரிசு, பேராசிரியர் கதிர்வேல், பீளமேடு!" என்றார்கள். ஊரே கைதட்டியது. நானும் தட்டினேன், வேறு என்ன செய்வது? பரிசுக்காரர் ஆதார் அட்டையோடு நேரில் வரவேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் மறு குலுக்கலாம். சீட்டு என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே வியாழக்கிழமை அவசியம் வாருங்கள். கன்றை வாங்கி, மாமனுக்கு அன்பளிப்பு என்று நாலு பேர் கேட்கச் சொல்லி என் கையில் கயிற்றைக் கொடுங்கள். இரண்டாவது நன்றி உங்கள் பெயருக்கு. கணக்கு செய்யாததை அது செய்துவிட்டது.

எதிர்த்துக் கேள்வி கேட்காத மாணவர்கள் உங்களுக்கு வருடா வருடம் வாய்க்க ஆசீர்வதிக்கும்,
மாமன் சுப்பண்ணன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதைத் தொழுவத்தில் நின்று, மாட்டுக்குப் படிப்பதுபோல், அத்தை காதில் விழும்படி படித்தேன். அத்தை நேராக என் முகத்தைப் பார்த்து, "அப்ப அது நம்ம சீட்டுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "எவன் கட்டுத்தறிக்கும் போகாம நமக்கே கெடச்சா, மாரியாத்தாளுக்கே உட்டுப்போடறேன்னு வேண்டியிருக்கறனுங்க" என்றாள். சாமி காரியம், மறுக்க முடியாது. ஆகையால் மாப்பிள்ளை, கன்றைக் கோயிலை விட்டு வெளியே ஓட்ட வேண்டாம். கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.