கல்வெட்டிடம் வழி கேட்டால்

வழி தெரியாதவர்களால் உலகத்தில் யாரும் வழி தவறியதில்லை. "தெரியாதுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நாமும் அடுத்த ஆளைப் பார்த்துப் போய்விடலாம். திண்டாடித் தெருவில் நிற்பவர்கள் எல்லோரும் வழி மிக நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கேட்டவர்கள்தான். ஊருக்கு ஒருவராவது அப்படி இருக்கிறார். அந்த இனத்துக்கு 'இங்கதான் இருந்துச்சு' இனம் என்று பெயர் வைக்கலாம், ஏனென்றால் அவர்கள் எழுப்பும் ஓசை அதுதான்.

இந்த இனத்தாருக்கு இன்று நிற்கும் எந்தப் பொருளும் கண்ணில் படாது. ஒரு கட்டடம் அவர்களிடம் மதிப்புப் பெறவேண்டும் என்றால் முதலில் அது இடிந்து விழவேண்டும். எரிந்து போனால் இன்னும் விசேஷம். மருந்துக்கடைக்கு வழி கேளுங்கள். மருந்துக்கடையைத் தவிர மற்றதெல்லாம் சொல்வார்கள்: அதற்கு முன்னால் அங்கே இருந்த சோடாக் கடை, அதற்கும் முன்னால் இருந்த கிணறு, அந்தக் கிணற்றில் விழுந்த ஆடு, ஆட்டைத் தூக்கப் போய்த் தானும் விழுந்த ஆள், அந்த ஆளின் இரண்டாவது கல்யாணம். உங்கள் காய்ச்சல் தானாகவே இறங்கிவிடும்.

உதாரணத்துக்கு ஓர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரைப் பார்ப்போம். ஊரார் அவருக்கு வைத்த பெயர் 'கல்வெட்டு'. முகத்துக்கு நேரே "அண்ணே" என்பார்கள். அவர் தலை தெரிந்ததும் "கல்வெட்டு வருது, சைக்கிளைத் திருப்பு" என்பார்கள். வேலையில் இருந்தபோது அவர் ஒரு நிறுத்தத்தைக்கூட அதன் பெயரைச் சொல்லிக் கூவியதில்லை. "எரிஞ்ச மில்லு இறங்கு! சாய்ஞ்ச மரம் இறங்கு!" என்பார். மில்லும் இருக்காது, மரமும் இருக்காது. புதிதாக வந்தவர்கள் இறங்காமல் உட்கார்ந்தபடியே கடைசி நிறுத்தம்வரை போய், அங்கிருந்து அதே பஸ்ஸில் அழுதுகொண்டே திரும்புவார்கள்.

ஊர் எவ்வளவு பெரியது என்கிறீர்களா? ஒரு தெரு, ஒரு ஓடை, ஒரு மேடு. தெருவின் இந்தக் கோடியில் தும்மினால் அந்தக் கோடியில் கதவைச் சாத்துவார்கள். ஆனால் கல்வெட்டு சொல்லிக் கேட்டால் அது ஒரு கண்டம். தெருவின் வலது பக்கம் மேலூர், இடது பக்கம் கீழூர். இரண்டுக்கும் நடுவே உள்ள உயரம் ஒரு செங்கல். மேடு அவர் வாயில் 'மலை'. ஆடுகள் அதன்மேல் அசைபோடுவதைக்கூட நிறுத்தாமல் ஏறி இறங்கும். ஓடை 'ஆறு'. அந்த ஆறு ஒருமுறை பொங்கித் தையற்காரர் கடையில் புகுந்து மெஷினின் மிதிகட்டையை நனைத்தது, அது பெருவெள்ளம். வேலி எங்கே போடுவது என்று அண்ணன் தம்பி இருவர் செருப்பை வீசிக்கொண்டார்கள், அது பெரும்போர். அதில் ஒரு செருப்பு இன்றுவரை அகப்படவில்லை. அது எங்கே போயிருக்கும் என்பது பற்றி அவரிடம் மூன்று விதமான கருத்துகள் உண்டு. மூன்றையும் சொல்லாமல் விடமாட்டார்.

அவருக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஆசை. படித்தவர் யாராவது வெளியூரிலிருந்து வந்து, தம்மிடம் இந்த ஊரைப் பற்றிக் கேட்கவேண்டும். இப்படிப்பட்ட ஆசை உள்ள மனிதரை நம்பித்தான் ஒருநாள் காலையில் அவர் மனைவி ஒரு வேலையை ஒப்படைத்தார்.

"ஏங்க, பசு படுக்குது, எழுந்திரிக்குது, ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது. முதல் கன்னு, தலையீத்து வேற. டாக்டருக்கு போன் பண்ணிட்டேன். வந்தா சட்டுனு கூட்டிட்டு வாங்க."

"நான் முக்குல போய் நிக்கிறேன். டாக்டர் ஜீப்பு என் கண்ணுக்குத் தப்பிடுமா?"

"நின்னா போதும். யார்கிட்டயும் பேச்சுக் குடுக்காதீங்க."

"நான் என்னிக்குப் பேச்சுக் குடுத்தேன்?"

அந்த அம்மாள் பசுவைத் தடவிக்கொடுக்கப் போய்விட்டார்.

முன்பு ஜீப்பில் வந்துகொண்டிருந்த டாக்டர் பெரிய மீசைக்காரர். அவர் மாற்றலாகிப் போய் வெகு காலம் ஆகிறது. போனால் என்ன? கல்வெட்டைப் பொறுத்தவரை மாட்டு டாக்டர் என்றால் அந்த ஜீப், அந்த மீசை. ஆகவே முக்கில் நின்று ஜீப்பைத் தேடிக்கொண்டிருந்தவர் முன்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றபோது அவர் அதைச் சட்டை செய்யவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிய இளம்பெண் கையில் கைபேசி இருந்தது. அதன் வரைபடத்தில் அந்த ஊர் வெறும் பச்சையாக இருந்தது.

"ஐயா, இங்க ஜெராக்ஸ் கடை எங்க இருக்கு? அதுக்கு எதிர்ல நீல கேட்டு போட்ட வீடாம். யாரைக் கேட்டாலும் சொல்வாங்கன்னாங்க."

யாரைக் கேட்டாலும்! சொன்னது கல்வெட்டின் மனைவிதான். புருஷனையும் ஊரில் ஓர் ஆளாகக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார், பாவம்.

கல்வெட்டு தம் மண்டைக்குள் இருந்த ஊரை ஒருமுறை சுற்றி வந்தார். ஜெராக்ஸ் கடை எதுவும் தட்டுப்படவில்லை. அவர் வீட்டுக்கு எதிரே ஒரு அம்மாள் ஏதோ மெஷின் வைத்துக் காகிதம் போட்டு எடுக்கிறாள்தான். ஆனால் அது குதிரை லாயம் அல்லவா? குதிரையைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அது போட்ட லத்தியைப் பார்த்ததாக அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். அதைவிடச் சான்று வேண்டுமா?

"அப்படி ஒரு கடை இந்த ஊர்லயே இல்லம்மா. நீல கேட்டும் கிடையாது. இங்க ஒவ்வொரு கேட்டும் எனக்கு அத்துப்படி."

"இல்லைங்கய்யா, போன்ல சொன்னாங்க. நான் இங்க புதுசு. இந்த ஊரைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது, அதான்…"

அவ்வளவுதான். எந்த வாக்கியத்துக்காக ஆயுள் முழுக்கக் காத்திருந்தாரோ அது தானாக ஸ்கூட்டரில் வந்து இறங்கியிருந்தது. அந்தப் பெண் அடுத்த வார்த்தைக்கு வாய் திறப்பதற்குள் அவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் ஸ்கூட்டரின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம், ரைட்!"

வழி காட்டத்தான் ஏறுகிறார் என்று நினைத்து அவளும் வண்டியைக் கிளப்பினாள். முதலில் எரிந்த மில். அங்கே புல் இருந்தது.

"நல்லாப் பாத்துக்கம்மா. இங்கதான் இருந்துச்சு."

"ஐயா, நான் அவசரமாப் போகணும்."

"அவசரப்பட்டுத்தான் இந்த மில்லே எரிஞ்சுது."

பிறகு சாய்ந்த மரம் நின்ற இடம். பிறகு பெருவெள்ளம் வந்து தொட்ட மிதிகட்டை. தையற்காரர் வெகுநாள் பழக்கத்தில் ஒன்றும் கேட்காமலே காலைத் தூக்கி வழிவிட்டார். "ஐயா, நான் யாருன்னா…" என்று அவள் மூன்று இடங்களில் ஆரம்பித்தாள். மூன்று இடங்களிலும் செருப்பைப் பற்றிய கருத்துகள் குறுக்கே விழுந்தன. கடைசியில், மேலே நின்று பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும் என்றார். அதில் ஏதோ நம்பிக்கை பிறந்து அவளும் மலை ஏறினாள். அதாவது, ஓர் எட்டு எடுத்து வைத்தாள்.

உண்மைதான், மேலிருந்து எல்லாம் தெரிந்தது. ஜெராக்ஸ் கடையின் பலகை தெரிந்தது. எதிரே நீல கேட் பளபளத்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு, நெற்றிக்குமேல் கையை வைத்துத் தெருவைப் பார்த்தபடி கல்வெட்டின் மனைவி நின்றது தெரிந்தது. ஆனால் கல்வெட்டு நின்றது வேறு பக்கம் திரும்பி. ஆறு அந்தக் காலத்தில் எந்த இடத்தில் வளைந்தது என்று அவர் காற்றில் கோடு போட்டுக்கொண்டிருக்க, அவளும் மரியாதைக்காக அந்தக் காற்றையே பார்த்தாள்.

அப்போது கீழேயிருந்து ஒரு பசு அடிவயிற்றிலிருந்து கத்தியது.

"ஐயா, அந்த மாடு கன்னு போடக் கஷ்டப்படுது."

"அது எங்க மாடுதாம்மா. டாக்டருக்குச் சொல்லியாச்சு. ஜீப்புல வருவாரு, பெரிய மீசை. இந்நேரம் வந்திருக்கணும்." கல்வெட்டு உண்மையான கவலையோடு உச்சுக் கொட்டினார். "எங்கயோ வழி தெரியாம சுத்திட்டிருக்காரு போல. எந்தப் பைத்தியக்காரன்கிட்ட வழி கேட்டாரோ!"

அந்தப் பெண் காற்றிலிருந்து கண்ணை எடுத்து அவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நான்தான் மாட்டு டாக்டர்."

கல்வெட்டு அவள் மூக்குக்குக் கீழே பார்த்தார். மீசை இல்லை.

"உங்க வீடு எங்க?"

"லாயத்துக்கு எதிர்லம்மா. பச்சை கேட்டு. முன்னாடி அந்த இடத்துல…"

"கையால காட்டுங்க. வாயால வேண்டாம்."

கை காட்டியது. ஸ்கூட்டர் பறந்தது. கேட்டருகே நின்ற அம்மாள் ஓடிவந்தார். "டாக்டரம்மா, ஒரு கால்தான் வெளிய தெரியுது! அரை மணியா முக்குது, பாவம், கண்ணுல தண்ணியா வடியுது." ஜெராக்ஸ் கடை அம்மாள் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து வாளியில் வெந்நீரோடு நின்றாள். டாக்டர் முழங்கைக்கு மேல்வரை சோப்புப் போட்டுக்கொண்டு மண்டியிட்டாள். கன்றின் இன்னொரு முன்னங்கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. பசுவின் மூச்சு தளர்ந்துகொண்டே வந்தது.

"இந்தக் கொட்டகை இருக்கே, இது முன்னாடி…" என்று ஆரம்பித்தார் கல்வெட்டு, பயத்தில்.

"வாயை மூடிட்டு வாலைப் பிடிங்க!" என்றார் மனைவி.

பிடித்தார். மில்லைப் பற்றியோ மலையைப் பற்றியோ ஒரு நினைப்பும் இல்லாமல், கண்ணெதிரே இருந்த வாலை, கண்ணெதிரே இருந்த மாட்டை, அப்போதைக்கு அப்போது பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் உள்ளே துழாவி, மடங்கின காலை நிமிர்த்தி, பசு முக்கும்போது இழுத்து, ஓயும்போது நிறுத்தி, மறுபடி இழுக்க, வைக்கோல்மேல் தொப்பென்று ஈரமாக ஒரு கன்று வந்து விழுந்தது. தலையை உதறியது. பசு திரும்பி நக்கத் தொடங்கியது. அவர் மனைவி அழுதுகொண்டே சிரித்தார். வாலை விடலாம் என்று கல்வெட்டுக்கு யாரும் சொல்லவில்லை, அவர் விடவும் இல்லை.

கை கழுவிக்கொண்டு டாக்டர் கேட்டாள்: "ஏங்கம்மா, இவரு கேட்டு பச்சைங்கிறாரே?"

"ரெண்டு வருஷமா நீலந்தான். பெயிண்ட் அடிச்சதே இவருதான்."

எல்லோரும் கல்வெட்டைப் பார்த்தார்கள். அவர் கேட்டைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"அடிச்ச பெயிண்டு நீலந்தான்," என்றார். "கேட்டு பச்சை."

திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் திருந்தினார். மறுவாரம் முக்கில் ஒருவர் வந்து ஜெராக்ஸ் கடைக்கு வழி கேட்டபோது, அப்படி ஒரு கடையே இல்லை என்று அவர் சொல்லவில்லை. "பெரும்பிரசவம் நடந்த கொட்டகை தெரியுமா? அதுக்கு நேர் எதிர்ல," என்றார். பிறகு அந்த ஆளின் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார்.

சிரித்தது போதும். போன தடவை உங்கள் வீட்டுக்கு யாரோ வழி கேட்டபோது, "முன்னாடி பேக்கரி இருந்துச்சே, அந்தச் சந்து" என்று சொன்னது யார்? நீங்கள் இல்லையா? சரி, நம்புவோம். அப்படியானால், இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல், திரும்பாமல், ஒரே ஒரு பதில் சொல்லுங்கள். உங்கள் வீட்டு வாசற்கதவு என்ன நிறம்?

எட்டிப் பார்க்கக் கூடாது.