சம்பந்தியின் காரும் மஹ்ரூபின் பலாவும்

காற்றே இல்லை. இருந்தும் அந்தப் பெரிய பலாக்காய் ஆடிய மாதிரித்தான் ராஜலிங்கத்துக்குத் தெரிந்தது.

"அழகம்மா! ஓடியா இங்க! ஆடுதா இல்லையான்னு நீயே பாரு!"

அடுப்படியிலிருந்து வந்த அழகம்மா கையைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"காய் ஆடல. பசியில உங்களுக்குத் தலைதான் ஆடுது. வந்து சாப்பிடுங்க."

சாப்பாடு எப்படி இறங்கும்? காய்க்கு நேர் கீழே நின்றது சம்பந்தி கணபதியின் வெள்ளைக் கார். ராஜலிங்கத்தின் ஒரே மகள் நிரோஷினியைக் கணபதியின் மகனுக்குப் பேசி, தட்டு மாற்றி, ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. கம்பளையில் கடை வைத்திருக்கும் கணபதி, மனைவி நல்லம்மாவோடு பழனி, மதுரை என்று கும்பிடப் புறப்பட்டவர், போகிற வழியில் காரை கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் இவர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"கடை வாசல்ல நிப்பாட்டினா கள்ளன் பயம். உங்க வீடுன்னா எனக்கு நிம்மதி, சம்பந்தி" என்றார். காரை முன்னே எடுத்தார், பின்னே எடுத்தார், இறங்கி வேலியடிவரை போய்ச் சுற்றிப் பார்த்தார், மறுபடியும் ஏறி ஒரு சாண் நகர்த்தினார். மரத்தை அண்ணாந்து பார்த்து, "நல்ல காய்ப்புதான்!" என்று சந்தோஷப்பட்டார். பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கதவைப் பூட்டி, சாவியையும் பையில் போட்டுக்கொண்டு ஏர்போர்ட் வேனில் ஏறிப் போய்விட்டார்.

அது ஒன்றும் புதுக் கார் இல்லை. கூரையில் பெயின்ட் பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. முன் கண்ணாடியின் மூலையில் ஒரு வெடிப்பு. ஆனால், "பொண்ணும் மாப்பிள்ளையும் இந்தக் கார்லதான் ஊர்வலம் வரணும்" என்று கணபதி முதல் நாளே சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட கார் மேல் பலாக்காய் விழுந்தால் கார் மட்டுமா நசுங்கும்?

ராஜலிங்கத்தின் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் வத்தேகமவிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. எல்லாம் பேசி முடித்துப் புறப்படும்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் இந்த வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தார். சகுனம் சரியில்லை என்று அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. ஒரு வழுக்கலுக்கே கல்யாணம் நின்றதென்றால் பதினைந்து கிலோ பலாக்காய்க்கு என்னவெல்லாம் நிற்காது?

"மரம் மஹ்ரூப் நானாவோடது. ஒரு வார்த்தை கேட்டா எல்லாக் காயையும் இறக்கித் தந்துருவாரு" என்றாள் அழகம்மா.

"அந்த ஆளுகிட்ட நான் போய்ப் பேசணுமா? செத்தாலும் நடக்காது!"

அண்ணன் மாதிரி 'நானா' என்று கூப்பிட்டுப் பழகிய பக்கத்து வீட்டு மஹ்ரூபோடு ராஜலிங்கம் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. சண்டை ஒரு கிண்ணத்தால் வந்தது. பெருநாளைக்கு மஹ்ரூபின் மனைவி றமீஸா வட்டிலாப்பம் என்ற இனிப்பை அனுப்பினாள். வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அழகம்மா முறுக்கு நிறைத்து, ராஜலிங்கத்தின் கையில் கொடுத்தாள். வாசலுக்கும் வேலிக்கும் இடையில் அந்த முறுக்கு எங்கே போனது என்பது ராஜலிங்கத்தின் வயிற்றுக்கு மட்டும்தான் தெரியும். கிண்ணத்தைப் பார்த்த மஹ்ரூப், "நல்லாக் கழுவி இரிக்கு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை ராஜலிங்கத்தால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. முறுக்கு அன்றைக்கே செரித்துவிட்டது.

"யாருகிட்டயும் கெஞ்ச வேணாம். காருக்கு நானே ஒரு கூரை போடுறேன்" என்றார் ராஜலிங்கம்.

அவர் கண்டி டவுனில் ஒரு குஷன் கடையில் வேலை செய்பவர். பஸ் சீட்டு, வேன் சீட்டு எல்லாம் தைப்பார். துணியை இழுத்துக் கட்டுவதில் தன்னை விட்டால் மலைநாட்டில் ஆளில்லை என்பது அவர் எண்ணம்.

"தகரம் போடுங்கப்பா" என்றாள் நிரோஷினி.

"தகரம் போட்டா காயோட சேர்ந்து தகரமும் விழும். துணின்னா வாங்கிக்கும். மெத்தையில விழுந்த மாதிரி."

லொறிக்குப் போடும் படங்குத் துணி வந்தது. ஓரத்துக்குப் பழைய சீட் பெல்ட் நாடாவை வைத்துத் தைத்தார். நான்கு மூலையிலும் இரும்பு வளையம். ஒரு மூலை வீட்டுச் சுவரில். இரண்டு மூலை, கொங்கிறீட் போட்டு நட்ட இரும்புக் குழாய்களில். நாலாவது மூலைக்கு உயரமான ஒரு இடம் வேண்டும். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"பலா மரத்துலயா கட்டப் போறீங்க? யாருக்குப் பயந்து கட்டுறீங்களோ அதுலயேவா?" அழகம்மா வாயில் கை வைத்தாள்.

"மரம் அவனோடது. இந்தக் கிளை நம்ம காணிக்குள்ள வந்திருக்கு. நம்ம காணிக்குள்ள வந்தா நமக்கு வேலை செய்யத்தான் வேணும்."

கட்டி முடித்த அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. கண்டி மழை தெரியும்தானே? துணியை மட்டமாகக் கட்டியிருந்ததால் தண்ணீர் ஓட வழியில்லாமல் நடுவில் தங்கியது. தொந்தி மாதிரி தொங்கி, கார்க் கூரையைத் தொடப் பார்த்தது. சுவரில் அடித்த கொக்கி கீச்சென்று முனகியது.

"ஐயோ, கார் மேல குளமே வந்திருச்சே!" என்று கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடினார் ராஜலிங்கம். அடியிலிருந்து ஒரு குத்துக் குத்தினார். தண்ணீர் மொத்தமும் அவர் தலையில் இறங்கியது. காரில் ஒரு துளி படவில்லை என்பதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். இரவெல்லாம் தும்மினார்.

தும்மலுக்கு நடுவே மதுரையிலிருந்து கணபதி பேசினார்.

"சம்பந்தி, மழை எப்படி? காத்து பலமா இருக்கா?"

"ஒண்ணும் பயப்படாதீங்க சம்பந்தி!"

"பயமெல்லாம் இல்ல. காயெல்லாம் நல்லா முத்திருச்சா?"

"முத்திருச்சு. ஆனா நான் இருக்கேன். கார்ல ஒரு தூசு விழாது!"



"விழுறது விழத்தான் செய்யும் சம்பந்தி. நீங்க ஏன் வீணா அலட்டிக்கிறீங்க?" என்று கணபதி போனை வைத்துவிட்டார்.

"பாத்தியா? பெரிய மனுஷன். உள்ளுக்குள்ள பதறுறாரு, வெளியில காட்டிக்கல" என்று அழகம்மாவிடம் சொல்லும்போதே ராஜலிங்கத்துக்குக் கண் கலங்கியது.

அடுத்த நாள் கடைக்கு லீவு போட்டார். துணியைக் கழற்றி, ஓரங்களை உள்வளைவாக வெட்டித் தைத்து, இந்த முறை எதிரெதிர் மூலைகளில் இரண்டை மேலே தூக்கி, இரண்டைக் கீழே இழுத்தார். கொக்கிகளைத் திருகித் திருகி இறுக்கினார். நிரோஷினி தட்டிப் பார்த்தாள். மேளம் மாதிரி ஒலித்தது.

"இனித் தண்ணி நிக்காது. காய் விழுந்தாலும் சறுக்கிட்டுப் போயிரும்."

"எங்க போகும்ப்பா?"

அதை ராஜலிங்கம் யோசிக்கவில்லை. தாழ்ந்த மூலைகளில் ஒன்று மஹ்ரூப் வீட்டைப் பார்த்து இருந்தது.

முதலில் அம்பிட்டிய குரங்குகளுக்குத்தான் இந்தக் கூரை பிடித்துப் போனது. மறுநாள் காலையிலேயே ஒரு குடும்பம் வந்திறங்கியது. கிளையிலிருந்து துணி மேல் குதிப்பதும் எகிறி மறுபடி கிளையைப் பிடிப்பதுமாக ஒரே கும்மாளம். ஒவ்வொரு குதிப்புக்கும் கிளை குலுங்கியது. கிளை குலுங்கக் குலுங்கப் பெரிய காயும் குலுங்கியது. கயிறு கட்டாமல் இருந்திருந்தால் அந்தக் கிளை இவ்வளவு ஆடியிருக்காது.

"சூ! சூ! போயிருங்கடா! ஒரு கல்யாணத்தக் கெடுத்துராதீங்கடா!"

கத்தி முடிக்கவில்லை. காம்பு விட்டது.

ராஜலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். தொம் என்று சத்தம். கண்ணைத் திறந்தால் காருக்கு ஒன்றும் ஆகவில்லை! துணி காயை வாங்கி, உள்ளே இழுத்து, வந்த வேகத்திலேயே தூக்கி எறிந்துவிட்டது. காய் வேலிக்கு மேலே பறந்துபோய் மஹ்ரூப் வீட்டு ஓட்டில் இறங்கியது. ஓடுகள் உடைந்து சரிந்தன. உள்ளேயிருந்து றமீஸா, "யா அல்லாஹ்!" என்று அலறுவது கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மஹ்ரூப் வேலியடிக்கு வந்து நின்றார். காரைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். ராஜலிங்கம் சட்டென்று காருக்குப் பின்னால் குந்திக்கொண்டார். மஹ்ரூப் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

"ஏசலையேங்க. ஒரு வார்த்தை ஏசலையே" என்றாள் அழகம்மா.

"அதுதாண்டி பயமா இருக்கு. ஏசாத ஆளு பொலிஸுக்குத்தான் போவான்."

துணியைத் தளர்த்தினால் அடுத்த காய் கார் மேல். இறுக்கினால் மஹ்ரூப் தலை மேல். அந்தக் கிளையில் மிச்சம் இரண்டு காய் இருந்தன. ராஜலிங்கம் சாக்கும் கயிறுமாக மரத்தில் ஏறினார். அழகம்மா கீழே நின்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். காய் ஒவ்வொன்றையும் சாக்குக்குள் போட்டுக் கிளையோடு சேர்த்துக் கட்டினார். இறங்கும்போது கால் வழுக்கித் துணி மேல் விழுந்தார். துணி அவரையும் தூக்கித்தான் எறிந்தது. நல்ல வேளையாக வாழை மரத்தடியில் போய் விழுந்தார்.

நொண்டிக்கொண்டே எழுந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "கார்ல படலையே?"

நிரோஷினிக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா. நீங்க உசுரோட இருந்தாப் போதும்!"

"அப்பிடிச் சொல்லாதம்மா. அந்தப் பையன உனக்குப் புடிச்சிருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

கடைசியில் கணபதி வந்தே விட்டார். வேனிலிருந்து இறங்கியதும் விபூதிப் பொட்டலத்தைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. நேரே மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அந்தப் பெரிய காய் எங்க?"

"விழுந்திருச்சு சம்பந்தி!"

"விழுந்திருச்சா!" கணபதியின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. ஓட்டமும் நடையுமாகக் காரிடம் போனார். கூரையைத் தடவினார். கண்ணாடியைத் தடவினார். "எங்க விழுந்திச்சு?"

"நம்ம கார்ல படவே இல்ல! துணி புடிச்சு அந்த வீட்டுக்கு எறிஞ்சிருச்சு!" ராஜலிங்கம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஒரு கீறல்கூட இல்லையா?"

"ஒரு கீறல்கூட இல்ல!"

கணபதியின் முகம் அப்படியே கறுத்தது. அழகம்மா நீட்டிய தேத்தண்ணியை வாங்காமல் நின்றார். நல்லம்மா புருஷனைப் பார்த்தாள், புருஷன் மரத்தைப் பார்த்தார்.

"சரி. கார் இன்னும் நாலு நாளைக்கு இங்கேயே நிக்கட்டும். ஆனா இந்தத் துணியையும் சாக்கையும் கழட்டிருங்க."

"கழட்டுறதா? காய் விழுந்திருமே சம்பந்தி!"

"கழட்டுங்கன்னு சொல்றேன்ல. காருக்குக் காத்து படணும்."

ராஜலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். தன்னுடைய கஷ்டத்தைப் பார்த்துத்தான் மனுஷன் இரக்கப்பட்டு இப்படிச் சொல்கிறார் என்று நினைத்தார்.

"நீங்க சொன்னாலும் நான் கேக்க மாட்டேன். எங்க உடம்புல உசுரு இருக்கிற வரைக்கும் உங்க கார்ல ஒரு காய் விழாது. இது என் மக மேல சத்தியம்!"

"நாலு நாள்ங்க! நாலு நாள் மட்டும் சும்மா இருங்களேன்!"

"நாலு வருஷமானாலும் விழ விட மாட்டேன்!"

கணபதிக்கு மூச்சு வாங்கியது. "சொன்ன பேச்சக் கேக்காத வீட்டுல எப்படிங்க சம்பந்தம் வெச்சுக்கிறது? நாங்க கம்பளைக்குப் போய் யோசிச்சுச் சொல்றோம். நல்லம்மா, வா!"

காரை விட்டுவிட்டு, வந்த வேனிலேயே ஏறிப் போய்விட்டார்கள்.

நிரோஷினி உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ராஜலிங்கம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார். எங்கேயோ ஒரு கீறல் விழுந்திருக்கிறது, தன் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. இவ்வளவு பாடுபட்டும் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று கார்ச் சக்கரத்தடியில் உட்கார்ந்து அழுதார்.

"ராஜலிங்கம்."

வேலிக்கு அந்தப் பக்கம் மஹ்ரூப் நின்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. ராஜலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஓட்டுக்குத்தானே நானா? நானே மாத்தித் தந்துர்றேன்."

"ஓடு கெடக்கட்டும். அந்தக் கம்பளை ஐயா ஏன் கோவிச்சிக்கிட்டுப் போறார்ன்னு ஒங்களுக்கு வெளங்கல்லயா?"

"எங்கேயோ ஒரு கீறல் பட்டிருக்கு நானா. எனக்குத்தான் தெரியல."

மஹ்ரூப் வேலியில் கையை ஊன்றி, சாக்குக் கட்டிய காய்களை ஒருமுறை பார்த்து, பெருமூச்சு விட்டார்.

"கார விட்ட அன்டைக்கு அவர் இந்த வேலியடிக்கு வந்து, எந்தக் காய் முதல்ல விழும்ன்னு என்கிட்டக் கேட்டு, நான் காட்டின காய்க்கு நேர் கீழதான் கார நகத்தி வெச்சாரு, இன்சூரன்ஸ் இந்த மாசத்தோட முடியுதாம், அதுக்குள்ள காய் விழுந்தா அந்தக் காசுல கல்யாணத்துக்குக் கூரையும் கண்ணாடியும் புதுசாப் போட்டுக்கலாம்ன்னாரு... நான் அன்டைக்கே ஒங்களுக்குச் செல்லியிருப்பேன், நாங்க ரெண்டு பேரும்தான் பேசுறல்லயே!"