ஏறிய பாயும் இறங்கிய மாமாவும்

எனக்கு வராத வேலை என்று எதுவும் கிடையாது. இதை இன்றும் நம்புகிறேன். வீட்டில்தான் யாரும் நம்புவதில்லை.

நாலு வருடம் முன்பு ஒரு சின்னப் பாய்மரப் படகை டிரெய்லரோடு வாங்கி, ராஜகீழ்ப்பாக்கத்தில் மாமனார் வீட்டு போர்ட்டிகோவில் நிறுத்தினேன். (நாங்களும் அங்கேதான் குடியிருந்தோம். சிரிக்க வேண்டாம்.) மாமனார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருடைய கார் தெருவில் வெயில் காய்ந்தது.

“உட்கார்ந்த இடத்துலேருந்தே பாயை ஏத்தி இறக்கிக் காட்டுங்க மாப்பிள்ளை. இல்லன்னா படகு வெளியே, கார் உள்ளே” என்றார்.

இதெல்லாம் ஒரு பரீட்சையா? பால்கனியில் துணி காயப்போடும் கம்பியை ஏற்றி இறக்குகிற பிளாஸ்டிக் கப்பி போதும். கயிறு நீளம் பத்தவில்லை. இரண்டைச் சேர்த்து முடிச்சுப் போட்டேன். தெருவில் மின்கம்பி போவதால் பாய்மரத்தை நிமிர்த்த வழியில்லை. அதனால் பால்கனியிலேயே கப்பியை வைத்து, பாயைப் பாதிவரை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. மீதிப் பாதியும் அப்படித்தானே இருக்கும்! கப்பியைக் கழற்றி பாய்மரத்தின் உச்சியில் மாட்டினேன். (“துணியை எங்க போடுறது?” என்றாள் மனைவி. விஞ்ஞானத்துக்கு எப்போதும் எதிர்ப்பு உண்டு.)

முட்டுக்காடு உப்பங்கழியில் மாமனாரை முன்னால் உட்காரவைத்து இழுத்தேன். பாதியில் முடிச்சு கப்பியில் போய் முட்டியது. விடுவேனா? காலை உதைத்து இழுத்ததில் ‘டொக்’கென்று நுழைந்தது. பாய் உச்சிக்குப் போனது, படகு பறந்தது.

“பரவாயில்லையே!” என்றார் மாமனார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். “சரி, இறக்குங்க.”

கயிற்றை விட்டேன். பாய் பாதிவரை இறங்கியது; முடிச்சு மறுபடி கப்பியில் முட்ட, அங்கேயே நின்றுவிட்டது. முடிச்சை நுழைத்து ஏற்ற நான் இருந்தேன்; திரும்ப நுழைத்து இறக்கப் பாயின் எடை மட்டும்தான் இருந்தது. படகு நேராக ஒரு மீனவரின் வலையைப் பார்த்து ஓடியது.

“யோவ், இன்னாயா பண்ணிகினு கீற? பாயை எறக்குயா!”

“அதுக்குத்தாண்ணா ட்ரை பண்றேன்!”

வலைக்கு இரண்டடி முன்னால் படகு சேற்றில் சொருகி நின்றது. மீனவர் எங்களை இறக்கிவிட்டு, படகைப் பக்கவாட்டில் சாய்த்து, உச்சியில் கயிற்றை அறுத்தார்.

“தோ, எறங்கிச்சு பாரு.”

முழங்கால் சேற்றில் வெள்ளை வேட்டியோடு நின்ற மாமனார் சொன்னார்: “கூடவே நானும் இறங்கிட்டேன்.”

அன்று மாலையே கார் உள்ளே, படகு வெளியே. எனக்கு அழுகையே வந்துவிட்டது. (என் திட்டத்தில் பிழை ஒரே ஒரு முடிச்சுதான். அதையும் யாரும் கேட்பதில்லை.)

இன்றும் குடும்ப ஜெபத்தில், விருந்தாளிகள் இருந்தாலும், மாமனார் கண்ணை மூடி உருக்கமாக வேண்டுவார்: “ஆண்டவரே, ஏற்றுவதற்கு எங்கள் மருமகனுக்கு ஞானம் கொடுத்தீர்; இறக்குவதற்கும் கிருபை தாரும்.”

எல்லோரும் ‘ஆமென்’ சொல்வார்கள். சத்தமாகச் சொல்வது என் மனைவி.