தலையைத் தூக்கினால் ஒரு மதிப்பெண் குறைவு

இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு நாடு இருந்தது. எங்கே போவதென்றாலும் தண்ணீரைக் கடக்க வேண்டும் என்பதால் அங்கே பள்ளி என்றால் நீச்சல் பள்ளிதான். அரசரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு தேர்தலில், "எந்தக் குழந்தையும் கரையில் விடப்படாது" என்றவர் வென்றார்.

நீச்சல் ஆசிரியர்களில் சிலர் உண்மையிலேயே சோம்பேறிகள். படித்துறையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியே பொழுதை ஓட்டினார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பதற்காக எல்லா ஆசிரியர்களையும், மாணவர்களின் மதிப்பெண்ணை வைத்து அளப்பது என்று அரசர் ஆணையிட்டார்.

அளக்க வந்த தர ஆணையர் ஆபத்சகாயத்துக்கு நீந்தத் தெரியாது. ஆகவே தேர்வு தரையில் நடந்தது. பிள்ளைகள் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளை வீச வேண்டும். நிமிடத்துக்கு நாற்பது வீச்சு. தலையைத் தூக்கினால் ஒரு மதிப்பெண் குறைவு.

பதினாறு ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்துவந்த அஞ்சுகம் டீச்சர் கேட்டார்: "தலையத் தூக்கலேன்னா புள்ளைங்க எப்படிங்கய்யா மூச்சு விடும்?"

"அம்மையீர், மூச்சு விடத் தடையேதும் இல்லை. தலையைத் தூக்குவது கவனச் சிதறல். நிபுணர் குழு ஓராண்டு ஆராய்ந்திருக்கிறது."

"எந்த ஆத்துலங்கய்யா?"

"அலுவலகத்தில்."

முதல் ஆண்டு அஞ்சுகம் பிள்ளைகளை வழக்கம்போல ஆற்றுக்குத்தான் அழைத்துப் போனார். அவருடைய பள்ளி கடைசி இடத்துக்கு வந்தது. அதன் பெயரை அரண்மனைச் சுவரில் சிவப்பு மையில் எழுதினார்கள். அடுத்த ஆணைப்படி, பின்தங்கிய பள்ளிகள் ஒவ்வொரு பிள்ளையின் ஒவ்வொரு வீச்சையும் தினமும் படிவத்தில் எழுத வேண்டும். ஆற்றுக்குப் போகும் நேரம் அதிலேயே கழிந்தது. நல்ல ஆசிரியர்கள் பலர் படகோட்டப் போய்விட்டார்கள். ஆற்றைப் படத்தில் பார்த்தவர்கள் ஆறு வாரப் பயிற்சியோடு அந்த இடங்களுக்கு வந்தார்கள். அமைச்சர்களின் பிள்ளைகள் மட்டும் அரண்மனைக் குளத்தில், யாரும் அளக்காத ஓர் ஆசிரியரிடம் கற்றார்கள்.

மூன்றாம் ஆண்டு அஞ்சுகமும் ஆற்றுக்குப் போவதை நிறுத்தினார். போக வேண்டாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பின்னாளில் அது அவருக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

பள்ளி விட்டதும் ஆற்றில் விளையாடும் நாச்சி என்ற சிறுமி மட்டும் பலகையில் தலையைத் தூக்கிக்கொண்டே இருந்தாள்.

"ஏண்டி, எத்தன தடவ சொல்றது? தலையக் கீழ வை."

"மூச்சு முட்டுது டீச்சர்."

"பலகையில எங்கடி மூச்சு முட்டும்?"

"தண்ணியில இருக்கிற மாதிரி நெனச்சுக்குறேன் டீச்சர்."

பக்கத்துப் பலகைகளில் கிடந்த குமணனும் அல்லியும் தலையைத் தூக்காமலே சிரித்தார்கள். அஞ்சுகத்துக்கும் சிரிப்பு வந்தது. நாச்சிக்குத் தேர்ச்சி இல்லை என்று எழுதினார்.

ஐந்தாம் ஆண்டு அவருடைய பள்ளி நாட்டிலேயே முதலிடம் பெற்றது. பரிசளிப்பு விழா அக்கரையில். தேர்ச்சி பெற்ற எட்டுப் பேரும் அஞ்சுகமும் படகில் ஏறினார்கள். நாச்சிக்கு இடமில்லை, அவள் கரையில் நின்று கையசைத்தாள். கொஞ்ச தூரத்தில், சுழலில் சிக்கிப் படகு கவிழ்ந்தது.

எட்டுப் பேரும் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி கைகளை வீசினார்கள். நிமிடத்துக்கு நாற்பது. அஞ்சுகத்தின் கைகளும் அப்படியே வீசின. அவரே அதை எண்ணிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு சின்னக் கை அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தது.

"தலையத் தூக்குங்க டீச்சர்! மூச்சு விடுங்க!"

தூக்கினார்.

முன்பு ஆசிரியராக இருந்த படகோட்டியும் நாச்சியும் மாறி மாறி இழுத்து ஆறு பிள்ளைகளைக் கரை சேர்த்தார்கள். குமணனும் அல்லியும் கிடைக்கவில்லை.

ஆணையர் விசாரித்து அறிக்கை தந்தார். மாணவர்களின் வீச்சில் குறையில்லை. ஆறுதான் பாடத்திட்டத்தின்படி நடந்துகொள்ளவில்லை. சான்றிதழ் இல்லாமல் ஆற்றில் குதித்த சிறுமியை அரசர் பெருந்தன்மையோடு மன்னித்தார். தேர்தல் நெருங்கியிருந்ததால், இனி நிமிடத்துக்கு ஐம்பது வீச்சு என்றும் அறிவித்தார். மக்கள் கைதட்டினார்கள்.

பரிசுக் கேடயம் அஞ்சுகத்தின் வீட்டுக்கே வந்தது. கூடவே ஒரு படிவம். 'உங்கள் பள்ளியின் சிறந்த மாணவர்' என்ற இடத்தில் அவர் நாச்சியின் பெயரை எழுதி அனுப்பினார். தேர்ச்சி பெற்ற ஒருவரின் பெயரை எழுதித் தரவும் என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது.

அஞ்சுகம் அந்தப் படிவத்தை ஓரமாக வைத்தார். பிறகு குமணன், அல்லி இருவரின் மதிப்பெண் தாள்களையும் எடுத்துப் பார்த்தார். எல்லாம் அவர் கையெழுத்துதான்.

ஒரு மதிப்பெண்கூடக் குறைந்திருக்கவில்லை.