சட்டத்துக்கு வெட்டிய குழி

குழிக்குள் விழுந்த எருமையைக் கயிறு கட்டி மேலே தூக்குவதற்குள் குமாஸ்தா சம்பந்தத்துக்கு இடுப்பு கழன்றுவிட்டது.

வாணியம்பாடியில் தோல் பதனிடும் டேனரிக்குள் குழி எதற்கு என்றால் டெல்லியைத்தான் கேட்க வேண்டும். கழிவுத் தண்ணீரை அப்படியே ஆற்றில் விடக் கூடாது என்று பார்லிமெண்டில் ஒரு மசோதா வந்திருந்தது. "சட்டம் வர்றதுக்குள்ள நம்மகிட்ட ஒரு தொட்டி இருக்கணும்" என்றார் முதலாளி கவுஸ் பாஷா. மண் வேலை செய்யும் கண்ணம்மாளும் நாலு ஆட்களும் வந்து அதற்குக் குழி வெட்டினார்கள்.

சம்பந்தம் வெயிலில் நின்று மேற்பார்வை பார்த்தார். அவர் வீட்டுக் கிணறு டேனரிக்குப் பின்னால்தான். அதில் தண்ணீர் டீ நிறமாகி இரண்டு வருஷம். மனைவி கமலவேணி குடத்தோடு அரை மைல் நடக்கிறாள்.

"மசோதா இன்னா ஆச்சு?" என்றார் முதலாளி, எருமை போன பிறகு.

"கமிட்டிக்குப் போயிருக்குதாம் முதலாளி."

"கமிட்டியா? வருஷக்கணக்கு ஆவும். எருமைக்காரன் வேற பேஜார் பண்றான். மூடிடு."

மூடினார்கள்.

கமிட்டி வேலை முடியப்போகிறது என்று பேப்பரில் வந்தது. இன்னும் பெரிதாக வெட்டினார்கள். அந்த மாதமே லோக்சபாவைக் கலைத்துவிட்டார்கள்.

"ஆளுங்களே இல்ல, சட்டம் எங்கேர்ந்து வரும்? மூடு!"

மூடி முடித்த அன்று தொழிலாளர் யூனியன் சாமுவேல் சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னா சார் நீங்க! அது ராஜ்யசபாவுல போட்ட மசோதா. லோக்சபா கலைஞ்சாலும் அது சாவாது."

சம்பந்தம் தலையில் கை வைத்துக்கொண்டு முதலாளியிடம் போனார். மறுபடி வெட்டினார்கள். இரண்டு வருஷம் மசோதா அசையவில்லை. மழையில் குழி நிரம்பிக் கொசு பிடுங்கியது. மறுபடி மூடினார்கள்.

"உங்க சட்டம் எப்பதான் வரும்?" என்றாள் கமலவேணி, குடத்தை இறக்கி வைத்தபடி. டெல்லியில் உட்கார்ந்து அவரே தாமதம் செய்வதுபோல் சம்பந்தத்துக்குக் கூச்சமாக இருந்தது.

எழுபத்து நாலில் மசோதா இரண்டு சபைகளிலும் நிறைவேறியது. ஜனாதிபதி கையெழுத்தும் ஆயிற்று. நாலாவது குழி தயார். எப்போது பார்வையிட வருவார்கள் என்று விசாரிக்கச் சம்பந்தம் வேலூருக்கு பஸ் ஏறினார்.

"சட்டம் வந்தாச்சு. ஆனா நம்ம ஊருக்கு வரல" என்றார் ஆபீசர். "நம்ம சட்டசபை அதை ஏத்துக்கணும். அப்புறம்தான் இங்க செல்லும்."

"எப்ப சார் ஏத்துக்குவாங்க?"

"பேப்பர்ல வரும், பாருங்க."

திரும்பி வந்து சொன்னதும் முதலாளி வாயைத் திறந்தார். சம்பந்தம் முந்திக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவரிடம் எதிர்த்துப் பேசியதில்லை.

"மூட மாட்டேன் முதலாளி. என்னால முடியல. என்னிக்கி இருந்தாலும் சட்டம் வரும். குழி அப்படியே இருக்கட்டும்."

கவுஸ் பாஷா கையை உதறினார். "சரி, கெடக்கட்டும் போ."

சம்பந்தத்துக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. கமலவேணியின் குடத்துக்கு இனி விடிவு காலம்தான். குழியருகே மண்வெட்டியோடு காத்திருந்த கண்ணம்மாளிடம் ஓடினார்.

"மூட வேணாம் கண்ணம்மா! இனிமே இது நிரந்தரம்!"

"நல்லதா போச்சு சார்" என்றாள் அவள், மண்வெட்டியைத் தோளில் போட்டபடி. "அஞ்சு வருஷமா வெட்றோம், மூட்றோம்... டேனரி தண்ணி இதுல வந்து விழறதுக்குக் கால்வா எங்க வெட்றதுன்னு ஒருத்தரும் சொல்லவே இல்லியே?"