அக்கா வருமுன் மூன்று ஒத்திகை

விருந்தாளி வருகிறார் என்ற செய்தி கிடைத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூருக்கு ஓடுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு ரகமும் உங்களுக்குப் பழக்கம்தான். மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது. இவர் ஓடமாட்டார். உட்காருவார், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார், நோட்டைத் திறந்து குறுக்கும் நெடுக்கும் கோடு கிழிப்பார், பிறகு தலையை நிமிர்த்தி, "எதுக்கும் ஒரு தடவை செஞ்சு பாத்துடலாமா?" என்பார். அந்த 'ஒரு தடவை'யை நம்பி மட்டும் சரி சொல்லிவிடாதீர்கள். இவர்தான் ஒத்திகையார்.

மாதிரிக்கு ஒருவரைக் காட்டுகிறேன். இவர் ஒரு தகர டப்பாத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சங்கை ஊதி, தீப்பிடித்துவிட்டதாகப் பாவித்து, முந்நூறு பேரையும் மைதானத்துக்கு விரட்டி, தலையை எண்ணி, மறுபடியும் உள்ளே அனுப்புவது இவர் வேலை. இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒரு தடவை அங்கே நிஜமாகவே தீப்பிடித்தது. கேன்டீன் குப்பைத்தொட்டியில். அன்றைக்கும் ஒத்திகைதான் என்று எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டே மைதானத்துக்கு நடந்துபோக, டீ போடுகிறவர் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டார். அந்த மனிதர் மேல் ஒத்திகையாருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. முறைப்படி பயிற்சி எடுக்காமல் அணைத்துவிட்டாராம்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு அக்கா. நான்கு வருடத்துக்கு முன்னால் பெரிய விடுமுறைக்கு அக்காவும் அத்தானும் வந்தபோது, "இந்தத் தடவை சமையல் முழுக்க என் பொறுப்பு" என்று சொல்லி, மனைவியை அடுப்படிப் பக்கமே அண்டவிடாமல், ஒத்திகையார் தன்னந்தனியாகக் களத்தில் இறங்கினார். ஒரு மணிச் சாப்பாடு மூன்றே காலுக்கு வந்தது. வந்ததிலும் பாதி வேகவில்லை, மீதி அடிப்பிடித்திருந்தது. வேர்த்து விறுவிறுத்துப்போய்க் கையில் கரண்டியோடு நின்ற தம்பியைப் பார்த்து அக்கா, ரொம்ப மெதுவாக, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"பரவாயில்ல தம்பி, நாங்க வழியிலயே சாப்பிட்டுட்டுதான் வந்தோம்."

திட்டியிருந்தால் மறுநாளே மறந்திருப்பார். முகத்தைச் சுளித்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பார். ஆனால் அந்தப் 'பரவாயில்லை' இருக்கிறதே, அது நெஞ்சில் முள்ளாகத் தைத்து, நான்கு வருடமாக எந்த ஊசிக்கும் வராமல் அங்கேயே இருந்தது. குளிக்கும்போது ஞாபகம் வரும். தலை எண்ணும்போது ஞாபகம் வந்து நூற்றுப் பதினேழோடு எண்ணிக்கை நின்றுபோகும். இப்போது அதே அக்கா, அதே அத்தானோடு, வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார். இந்தத் தடவை அக்கா தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் வை தம்பி" என்று கேட்க வேண்டும். ஒத்திகையாருக்கு வேண்டியது அந்த நாலே நாலு வார்த்தைதான்.

அதற்காகப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு திட்டம் தயாரானது. விருந்தாளி செருப்பைக் கழற்றுவதிலிருந்து பல் குத்துவது வரை ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கு. திட்டம் இருந்தால் ஒத்திகை வேண்டாமா? ஒத்திகை என்றால் விருந்தாளி வேண்டாமா? பக்கத்து வீட்டுத் தையல்காரர் அத்தானாக நியமிக்கப்பட்டார். அவர் ஏன்? அத்தானுக்கு முன்பு அவசரமாக ஒரு பேன்ட் தைத்துக் கொடுத்தவர் அவர்தான். அளவு நோட்டில் இருந்தது. இரண்டு பேருக்கும் இடுப்பு நாற்பத்திரண்டு. "இடுப்பு ஒண்ணுன்னா வயிறும் ஒண்ணுதான்" என்று முடிவு கட்டினார் ஒத்திகையார். தையல்காரரின் மனைவி அக்காவானார். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு நேரம் குறிக்கிற வேலை. மனைவிக்கு, மனைவி வேடம்.

அதிலும் திருத்தம் சொன்னார். "விருந்தாளியப் பாத்ததும் நீ இன்னும் கொஞ்சம் சந்தோஷமா வரணும்."

"அதை நாலு நாளா நீங்க எங்க விட்டீங்க?" என்றார் மனைவி.

முதல் ஒத்திகையில் எல்லாமே நிஜம். சூப்பு, வறுத்த கோழி, சோறு, உருளைக்கிழங்கு, நாலு வகைக் காய், கடைசியில் இனிப்பு. "கோழி உள்ள போச்சு, பன்னிரண்டு பதினெட்டு!" என்று ஒத்திகையார் கத்த, "பன்னிரண்டு பதினெட்டு!" என்று மகள் எழுத, அழைப்பு மணி அடித்து, அத்தான் வந்து உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நல்ல மனிதர் பாவம், "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார்.

ஒத்திகையார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அத்தான் அப்படியெல்லாம் சொல்லமாட்டார்."

"வேற என்னங்க சொல்வாரு?"

"ஒண்ணுமே சொல்லமாட்டார். தலையக் குனிஞ்சுட்டுச் சாப்பிடுவார். பிடிச்சிருக்கா இல்லையான்னே தெரியாது. அதுதானே பயமே!"

தையல்காரர் அன்று மீதிச் சாப்பாட்டை வாயைத் திறக்காமல் (சாப்பிடுவதற்குத் தவிர) சாப்பிட்டு முடித்தார். குறைகள் முப்பத்தொன்று என்று நோட்டில் ஏறியது. உப்புச் சாடி இடது பக்கம் இருந்தது உட்பட.

இரண்டாவது ஒத்திகை புதன்கிழமை. இதற்குள் தையல்காரர் அத்தான் வேடத்துக்குள் ஆழமாக இறங்கியிருந்தார். இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். யார் வணக்கம் சொன்னாலும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டதும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

"மரியாதை இல்லாத வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கி மின்கம்பத்தடியில் போய் நின்றுகொண்டார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சூப்பை முதலில் அக்காவுக்கு ஊற்றியதுதான் குற்றம் என்று பிறகு தெரிந்தது.

"என்னங்க, அவரு நிஜமா உங்க அத்தான் இல்ல, தையல்காரரு. அவரு வீடு இதோ பக்கத்துலதான் இருக்கு. போகட்டும் விடுங்க" என்றார் மனைவி.

"போயிட்டா ஒத்திகை தோத்துடும்!"

ஆக, பாதுகாப்பு அதிகாரி தெருவில் நின்று தையல்காரரின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். மனைவி கெஞ்சினார். அக்கா வேடத்தில் இருந்த தையல்காரரின் சொந்த மனைவி, "உங்க குணமே இதுதான்" என்று எந்த வேடமும் இல்லாமல் சொன்னார். எதிர்வீட்டார் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். கடைசியில் ஒரு டீயும் இரண்டு மன்னிப்பும் வாங்கிக்கொண்டுதான் அத்தான் உள்ளே வந்தார். ஒத்திகையார் பரவசமாகிப் போனார். "இதை நான் யோசிக்கவே இல்ல பாருங்க!" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்: மாப்பிள்ளை முறுக்கு, நாற்பது நிமிடம் ஒதுக்கவும்.

மூன்றாவது ஒத்திகை சனிக்கிழமை, விருந்துக்கு முந்தின நாள். இங்கே மனைவி ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"இன்னொரு கோழி இந்த வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்."

"சரி, சமைக்க வேணாம்" என்று உடனே இறங்கிவந்தார் ஒத்திகையார். "தொழிற்சாலையில நிஜமாவே தீ வச்சா ஒத்திகை பாக்குறோம்? வெறும் பாத்திரமே போதும்."

திட்டப்படி அன்று காலையிலேயே ஃப்ரிட்ஜைக் காலி செய்து கழுவியாகிவிட்டது. அரிசி டிரம்மைக் கவிழ்த்து வெயிலில் காயவைத்தாகிவிட்டது. காய், கோழி, அரிசி எல்லாம் மறுநாள் காலை ஆறு பத்துக்குப் புத்தம் புதிதாக வந்து இறங்கும். ஒத்திகைக்கு இடைஞ்சல் கூடாது என்று எல்லோருடைய கைப்பேசியும் பிடுங்கப்பட்டு, அந்தக் காலி டிரம்முக்குள் போடப்பட்டது. சரியாக ஒரு மணிக்கு விருந்து தொடங்கியது. ஒத்திகையார் காலிக் கிண்ணத்திலிருந்து காலிக் கரண்டியால் அள்ளிக் காலித் தட்டில் வைத்து, "சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடுங்க" என்றார். தையல்காரர் ஊதினார். தையல்காரரின் மனைவி ஒரு வாய் மென்றுபார்த்து, உப்பு ஒரு கல் தூக்கல் என்றார். ஒத்திகையார் அதையும் எழுதிக்கொண்டார்.

டிரம்முக்குள் ஒரு கைப்பேசி கணகணவென்று அலறியது.

"அப்பா, உங்க போன்" என்றாள் மகள்.

"குறுக்கீடு. கண்டுக்காத."

அது ஓய்ந்தது. மறுபடி அலறியது. மறுபடி ஓய்ந்தது. ஒத்திகையார் திட்டத்தின் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். தலைப்பு: 'மோசத்திலும் மோசமான நிலைமை'. அந்தப் பக்கத்துக்காகத்தான் அவர் மற்றப் பதினொரு பக்கத்தையும் எழுதியிருந்தார். தையல்காரரின் மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் காலித் தட்டை லேசாகத் தள்ளிவைத்து, கற்றுக்கொடுத்தபடியே, ரொம்ப மெதுவாகச் சொன்னார்:

"பரவாயில்ல தம்பி, நாங்க வழியிலயே சாப்பிட்டுட்டுதான் வந்தோம்."

இதற்குப் பதிலாக ஒத்திகையார் மூன்று வாக்கியம் எழுதி மனப்பாடம் செய்திருந்தார். மூன்றில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கையில் காலிக் கிண்ணம், கண்ணில் தண்ணீர். அப்படியே நின்றார்.

திறந்திருந்த வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். நிஜ அக்கா. பின்னால் பெட்டியோடு நிஜ அத்தான்.

"ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட் கிடைக்கல. ஸ்டேஷன்ல இருந்து ரெண்டு தடவை போன் பண்ணேன், யாரும் எடுக்கல..." என்று ஆரம்பித்தவர், மேசையில் தன் இடத்தில் தன் வாக்கியத்தோடு உட்கார்ந்திருக்கும் அம்மாளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தையல்காரர் எழுந்திருக்கவில்லை. நிஜ அத்தானை ஏற இறங்கப் பார்த்து, "யாரு இது? கூப்பிடாத வீட்டுக்கெல்லாம் வந்து நிக்கிறாங்க?" என்றார்.

ஒத்திகையாருக்கு வேறு வழி தெரியவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம். கையை உயர்த்தி, உரத்த குரலில், "யாரும் பதற வேண்டாம். இது வெறும் ஒத்திகை" என்றார்.

"எது தம்பி ஒத்திகை?" என்றார் அக்கா. "நானா?"

அக்கா மேசைக்கு வந்து, தையல்காரரின் மனைவி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப சொன்னீங்களே, அதை யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

அந்த அம்மாள் காலிக் கரண்டியால் ஒத்திகையாரைக் காட்டினார்.

"நாலு வருஷமா இதையா மனசுல வச்சிருந்த?" அக்கா தம்பி பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நாங்க வழியில ஒண்ணுமே சாப்பிடலடா. நீ வேர்த்துக் கொட்டிக்கிட்டு நின்ன. உன் மனசு நோகக் கூடாதேன்னு வாயில வந்ததைச் சொன்னேன். சொன்னதும் உன் மூஞ்சி போன போக்கப் பாத்துட்டு, அன்னிலருந்து எனக்கும்தான் சோறு இறங்கல."

"பசியில உயிரே போச்சு" என்றார் அத்தான். நான்கு வருடத்தில் அந்த வீட்டில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது. பழகிவிட்டதோ என்னவோ, இன்னும் கொஞ்சம் பேசினார். "இந்தத் தடவை எதை வச்சாலும் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடணும்னு உங்க அக்கா வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தா. தம்பி வேஷம் எனக்கு. தண்ணி பாட்டில்தான் கரண்டி. எதிர் சீட்டுக்காரர் பயந்துபோய் வேற பெட்டிக்கு மாறிட்டார்."

ஒரே ரத்தம். வேறென்ன சொல்வது?

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டை நீட்டினார். நீட்டியவர், பாவம், ரயிலில் பழகிய வேகத்தில் முதல் பரிமாறலைத் தாண்டிப் போய்விட்டார். வெறும் தட்டை ஏந்தியபடி, "இன்னும் கொஞ்சம் வை தம்பி" என்றார்.

ஒத்திகையார் காலிக் கிண்ணத்தில் கரண்டியை விட்டு, அடி வரை வழித்து, வைத்தார். அக்கா, "போதும், போதும்" என்றார். இரண்டு பேரும் அழுதார்கள். தையல்காரரின் மனைவி எழுந்து தன் வீட்டுக்குப் போய்ச் சோற்றுப் பானையையும் முந்தின நாள் காயையும் கொண்டுவந்து வைக்கும்வரை, அந்த வீட்டில் சாப்பிட ஒரு பருக்கை கிடையாது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் நிஜ விருந்து நடந்தது. ஆறு பத்துக்குக் கோழி வந்தது, ஒரு மணிக்குச் சூப்பு, குறை ஒன்றுமில்லை. ஒன்றைத் தவிர. மாப்பிள்ளை முறுக்குக்கு ஒதுக்கிய நாற்பது நிமிடம் அப்படியே மிஞ்சிக்கிடந்தது. ஒத்திகையார் நோட்டையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அத்தானிடம் போய்த் தயங்கித் தயங்கி, கொஞ்ச நேரம் கோபித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். சொன்ன சொல் தட்டாத மனிதர், மின்கம்பத்தடியில் போய் நின்றார். ஆனால் நிற்கத் தெரியவில்லை. போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தையல்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அப்படி இல்லைங்க, முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்குங்க" என்று சொல்லிக்கொடுத்தார்.

சிரித்தீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். மேலாளர் அறைக்கு வெளியே நின்று உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. அழைப்பு மணி அடித்ததும், கதவைத் திறப்பதற்கு முன்னால், புன்னகையை ஒரு தடவை போட்டுப் பார்த்தது யார் என்றும் கேட்கமாட்டேன். ஆனால் இந்த ஒத்திகையார் கதையை இன்று சாயங்காலம் யாரிடம் சொல்லலாம், எந்த இடத்தில் நிறுத்தினால் அவர் சிரிப்பார் என்று இப்போதே மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டீர்கள் அல்லவா? கேட்டுக்கொண்டிருக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். தையல்காரர் இப்போது சும்மாதான் இருக்கிறார். இடுப்பு நாற்பத்திரண்டு.